தனி தொடங்கிய பிறகு

பூங்காவனத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தது எப்போது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரிந்தவரைக்கும் சொன்னால், அவள் புளிப்பு மிட்டாயின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது. சரசரவென்று சத்தம் கேட்டு முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் முதுகைப் பார்த்து வாயைக் கோணிக் காட்டிவிட்டு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். மேடையில் ஆலாபனை ஆரம்பித்தது. நாற்காலிக் கையில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே கண்ணை மூடினாள். ஆலாபனைக்குத் தாளம் கிடையாது என்று எத்தனை பேர் சொல்லியும் அவள் கேட்டதில்லை, பாட்டு என்றிருந்தால் தட்டத்தான் வேண்டும் என்பாள். கொஞ்ச நேரத்தில் விரல் நின்றுவிடும், அப்போது தூங்கிவிட்டாள் என்று எனக்குத் தெரியும். அன்றும் நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பாடகர் ஓய்ந்து மிருதங்கக்காரர் மட்டும் வாசிக்கிற தனி வரும்போது மற்றவர்கள் காபிக்கு எழுந்து போவார்கள், இவள் மட்டும் முதல் தட்டிலேயே கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்காருவாள். "எல்லாரும் எழுந்து போறாங்க பாருங்க, இனிமேதான் நமக்குக் காத்து வரும்" என்பாள். அன்று தனி வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன், இன்னும் ஒரு சுற்று போகட்டும் என்று விட்டேன். தனி முடிந்து கூடமே கை தட்டியபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. மிட்டாய்க்கும் கைதட்டலுக்கும் நடுவில் எங்கேயோ. அரை மணியும் ஆகியிருக்கலாம், ஒரு மணியும் ஆகியிருக்கலாம், ஏசி போட்ட இடம், உடம்புச் சூட்டை வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எழுப்பியிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, பெரிய அட்டாக் என்றும் சொன்னார். அதை நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொள்ள முடியாதது வேறொன்று. அந்த நேரத்தில் நான் பல தடவை அவள் பக்கம் திரும்பினேன். ஒரு தடவை தோளிலிருந்து நழுவிய முந்தானையை எடுத்துவிட்டேன். நல்ல தூக்கம் என்று சிரித்துக்கூடக் கொண்டேன். அப்போதெல்லாம் நான் பார்த்தது யாரை?

இப்போது, வேறொரு கச்சேரியில், என் பக்கத்து நாற்காலியில் இருக்கிற இந்த அம்மாளின் கை நின்றுவிட்டது. மடியில் கைப்பையை வைத்து அதன்மேல் தட்டிக்கொண்டிருந்தார். பல்லவி திரும்பி வரும்போதுகூடத் தட்டினார், நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். பாடகி முடித்துவிட்டு மிருதங்கக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினாள், தனி தொடங்கியது, வழக்கம்போலப் பாதிக் கூடம் எழுந்தது, அந்தச் சந்தடியில் நான் காலை ஒதுக்கி இரண்டு பேருக்கு வழி விட்டேன், திரும்பி உட்கார்ந்தால் கை நின்றிருக்கிறது. விரல்கள் பையின் வாரில் அப்படியே கிடக்கின்றன. தலை கொஞ்சம் என் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. தூக்கம்தான். தூங்குவார் என்றுதான் அவரோடு வந்த பெண் சொல்லிவிட்டுப் போனாள். ஜெசிந்தா என்று பெயர், ஐம்பது வயது இருக்கும், தங்கை முறை போலிருக்கிறது. தனி தொடங்கும் முன்னாலேயே எழுந்துவிட்டாள். "இப்பவே போனாத்தான் சார் காபி கெடைக்கும், அப்புறம் கூட்டம் அம்மும். எடம் பாத்துக்கோங்க. பிலோமினாக்கா தூங்கினா எழுப்பிடாதீங்க, ராத்திரி முழுக்கக் கண்ணு மூடல, எழுப்பினா என்னைத்தான் கத்தும்." எழுப்பாதீர்கள் என்று ஒருத்தி பொறுப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நானும் சரிம்மா என்று தலையாட்டியிருக்கிறேன். அப்படியானால் எனக்கு இதில் வேலை இல்லை. மேடையைப் பார்க்க வேண்டியதுதான். மிருதங்கக்காரர் இன்னும் மெதுவாகத்தான் போகிறார், ஒரு தட்டு, பிறகு இடைவெளி, பிறகு இரண்டு தட்டு. இடைவெளியில் கூடத்தின் ஏசி உறுமுவது கேட்கிறது. இடைவெளியில்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் பேசியது இந்த அம்மாள்தான். நான் வந்து உட்கார்ந்தபோது குனிந்து, "சார், இது என்ன ராகம்?" என்று கேட்டார். தெரியாதுங்க என்றேன். "எனக்கும் தெரியாது. ஜிப்பா போட்டிருக்கீங்களே, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ வருஷமாகக் கேட்கிறேன், யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை, ரயில் பெட்டி செய்கிற இடத்தில் இருக்கைக்குத் துணி தைக்கிற பிரிவில் இருந்தவனுக்கு ராகத்தின் பெயரை யார் சொல்லித் தருவார்கள்? பூங்காவனம் ராகங்களுக்குத் தானே பெயர் வைத்திருந்தாள். ஒன்று சாயங்கால ராகம், ஒன்று சண்டை போட்டுவிட்டுச் சமாதானம் ஆகிற ராகம், ஒன்று மாமியார் ராகம். எங்கள் வழக்கமே வேறு. பேப்பரில் இன்றைய நிகழ்ச்சிகள் என்று வருமே, சனிக்கிழமை காலையில் அதைத் தரையில் விரித்து வைத்துக்கொள்வோம். 29சி பஸ் போகிற வழியில் எது இருக்கிறதோ அதற்குத்தான் போவது, வண்டி மாறிப் போகிறதில்லை என்பது அவள் போட்ட சட்டம். பெரம்பூரில் ஏறினால் பெசன்ட் நகர் வரைக்கும் அந்த ஒரே வண்டியின் ஓரங்களில் இந்த ஊரின் படமும் பாட்டும் போதுமான அளவுக்கு இருந்தன. ஒரு ஓவியக் காட்சி, ஒரு கைவேலை, ஒரு கச்சேரி, ஒரு நாளைக்கு மூன்று. கையில் புளிசாதம். இன்றும் மூன்றுதான். நான் மட்டும்தான். அவள் போன பிறகு கச்சேரியை விட்டுவிட்டு மற்ற இரண்டுக்கும் போய்க்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் கச்சேரிக் கூடத்துக்குள் நுழைந்து உட்காருவது இதுதான் முதல் தடவை. முதல் தடவையே பக்கத்தில் ஒருவருடைய கை நின்றுபோகிறது. இது என் மனசு பண்ணுகிற வேலை. தலை நரைத்த ஒரு அம்மாள் கச்சேரியில் தூங்குகிறார். ஊரில் இதைவிடச் சாதாரணமான காரியம் கிடையாது. பின்வரிசையில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், எண்ணிப் பார்க்கலாம் என்று திரும்பினால் எனக்கு நேர் பின்னால் பட்டுப்புடவை கட்டிய பெண்மணி ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மறுபடியும் மேடையைப் பார்த்தேன்.

மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டால் போதும். மூச்சைப் பார்ப்பது அத்தனை சுலபமில்லை. தோளில் முந்தானை அசைகிறது, ஆனால் எங்கள் தலைக்கு மேலே ஏசி காற்று இறங்குகிற ஓட்டை இருக்கிறது, என் கையில் இருக்கிற நிகழ்ச்சித் தாளும் அசைகிறது. தாளும் முந்தானையும் ஒன்றாக அசைந்தால் அது காற்று. வேறு வேறாக அசைந்தால் மூச்சு. பார்த்தேன். ஒன்றாகத்தான் அசைகின்றன. இல்லை, ஒரு தடவை வேறாக அசைந்தது மாதிரி இருந்தது. மிருதங்கத்தில் இப்போது வேகம் ஏறுகிறது, கஞ்சிரா வாசிக்கிறவர் பதில் சொல்கிறார், இவர் ஒன்று சொல்ல அவர் அதையே சின்னதாகச் சொல்கிறார். அந்த அதிர்வில் எல்லாமே அசைகிற மாதிரி இருக்கிறது. மூக்குக்கண்ணாடி கழுத்துக் கயிற்றில் தொங்கி மார்பின்மேல் கிடக்கிறது, அதன் கண்ணாடியில் மேடை விளக்கு ஒரு புள்ளியாகத் தெரிகிறது. மார்பு ஏறி இறங்கினால் புள்ளி நகர வேண்டும். புள்ளி நகரவில்லை. நான் நகர்ந்தால் புள்ளி நகர்கிறது. ஒரு பெண்ணின் மார்பையே இப்படி உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று உறைத்தது. பார்வையைப் பிடுங்கிக்கொண்டு முன்வரிசைக்காரரின் வழுக்கையைப் பார்த்தேன். அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், விரல் விட்டு, கை திருப்பி, சரியாக. அவரைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் போல இருந்தது. ஆனால் இந்த விஷயம் அவருக்கு என்ன தெரியும்?

காலையில் கிரீம்ஸ் சாலையில் ஓவியக் காட்சி பார்த்தேன். பெரிய துணி முழுக்க நீலம், நடுவில் ஒரு வெள்ளைக் கீறல். பூங்காவனம் இருந்திருந்தால், நம்ம வீட்டுச் சுவத்துல மழைக்கு இதே மாதிரிதான் ஓதம் எறங்கும், அதுக்கு யாராச்சும் சட்டம் போட்டு மாட்டினாங்களா என்று கேட்டிருப்பாள். ஆனால் நின்று பார்ப்பாள். என்னைவிட அதிக நேரம் நிற்பாள். கிட்டப் போய் விரலை வைத்தும் பார்த்துவிடுவாள், காவலுக்கு இருக்கிற பெண் ஓடி வருவாள், "அம்மா, தொடாதீங்கம்மா, எழுதிப் போட்டிருக்குல்ல?" இவள், "கண்ணு தெரியலம்மா, அதான் தடவிப் பார்த்தேன்" என்று கூசாமல் சொல்வாள். மத்தியானம் நுங்கம்பாக்கத்தில் வடிவமைப்புக் கல்லூரிப் பிள்ளைகள் செய்த சாமான்களின் கண்காட்சி. பனைநாரில் பின்னிய நாற்காலி ஒன்று, உட்காரும் இடத்தில் உட்காரக் கூடாது என்று அட்டை. இதில் அவள் கட்டாயம் உட்கார்ந்திருப்பாள். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி வந்து பார்த்துவிட்டு வந்தேன். தையல் நன்றாக இருந்தது. ஓரத்தை உள்ளே மடித்துப் பிடித்திருந்தார்கள். எனக்குத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது, தொடவில்லை. இந்த ஊரின் எல்லாக் கூடங்களிலும் அவள் தொட்டுக்கொண்டும் நான் அவளுக்காகப் பிறத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டும்தான் போயிருக்கிறோம். இப்போது என் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு கை கிடக்கிறது. தொட்டால் தெரிந்துவிடும். அவ்வளவுதான் வேலை. யாரோ ஒருவர் கையை, பெயர் தெரிந்தே அரை மணி ஆகாதவர் கையை, அவர் தூங்கும்போது, இருட்டில் ஒரு ஆம்பிளை தொட்டால், அதற்கு எந்த ஊரிலும் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்.

பெரம்பூரில் எங்கள் தெருவில் டெய்லர் கடை வைத்திருக்கிறவர் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் கீழே கிடத்தி நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார், ஆம்புலன்ஸ் வந்தது, இன்றைக்கும் அவர் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறார். உடனே பார்த்ததால் பிழைத்தார் என்றார்கள். உடனே என்றால் எவ்வளவு? கை நின்று எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இந்தத் தனி ஆரம்பித்த நேரம்தான். ஆரம்பித்து எவ்வளவு நேரம்? தெரியாது, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்து என்ன? நான் யோசிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இந்த அம்மாளின் கணக்கில் அல்லவா போகிறது. தூக்கமாக இருந்தால் நஷ்டம் எனக்கு, கொஞ்சம் மானம். தூக்கமாக இல்லாவிட்டால் நஷ்டம் முழுக்க அவருக்கு. இதை இவ்வளவு தெளிவாக நினைக்க முடிகிறது, கை மட்டும் எழவில்லை. இருமினேன். பலமாக இரண்டு தடவை இருமினேன். நிகழ்ச்சித் தாளை அவர் காலடியில் விழ விட்டேன், குனிந்து எடுக்கும்போது நாற்காலியை இடித்தேன். இங்கே நாற்காலிகளை வரிசை கலையாமல் இருக்கக் காலோடு கால் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருப்பார்கள், ஒன்றை இடித்தால் வரிசையே ஆடும். ஆடியது. கோடியில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். இந்த அம்மாளின் தலை ஆடியது, ஆடி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். அன்றைக்கும் இதே மாதிரிக் கயிறுதான். பூங்காவனத்தை நாற்காலியோடு வெளியே தூக்கிப் போகலாம் என்றார்கள், நாற்காலி வரவில்லை, இழுத்தால் வரிசையே கூட வந்தது, கேன்டீனிலிருந்து காய் நறுக்குகிற கத்தியை யாரோ கொண்டுவந்தார்கள். கத்தியில் வெங்காய வாசனை. குனிந்து ஒருத்தர் கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கும்போது நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் மேடையில் சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

முன்னால் இருப்பவரின் தோளைத் தட்டினேன். "சார், இந்த அம்மா…" என்றேன். அவர் திரும்பாமலே, "கொஞ்சம் சும்மா இருங்க சார், கணக்கு விட்டுப்போகுது" என்றார். "இல்ல சார், இவங்க அசையலை." "தூங்கறவங்க எப்பிடி சார் அசைவாங்க?" என்று சொல்லிவிட்டுத் தொடையில் விட்ட இடத்தைத் தேட ஆரம்பித்தார். பின்னால் பட்டுப்புடவை, "பெரியவரே, மறைக்குது, உட்காருங்க" என்றது. நான் எப்போது எழுந்தேன்? உட்கார்ந்தேன். வாசல் பக்கம் பார்த்தேன், ஜெசிந்தா வருகிறாளா? கதவருகில் சபாக்காரர் ஒருவர் பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கிறார், கை காட்டினேன், அவர் ஏதோ இடம் கேட்கிறேன் என்று நினைத்து, காலியாக இருக்கிறதே என்று முன்வரிசையைக் காட்டினார். மிருதங்கமும் கஞ்சிராவும் இப்போது சேர்ந்துவிட்டன. இதுதான் முடிவுக்கு வருகிற இடம். தனியின் இந்த இடம் எனக்கு உடம்பில் தெரியும், வேகம் கூடிக் கூடி ஒரே சத்தமாகி, மூன்று தடவை ஒன்றையே சொல்லி, தாளம் தொடங்குகிற சமத்தில் வந்து விழும், பாடகி பல்லவியை எடுப்பாள், கூடம் கை தட்டும். கை தட்டும்போது நான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். இன்னொரு தடவை என்னால் அந்தக் கைதட்டலில் திரும்பிப் பார்க்க முடியாது.

கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஜில்லென்றிருந்தது. அந்த ஜில்லிப்பு எனக்குத் தெரிந்த ஜில்லிப்பு. உள்ளங்கை வழியாக ஏறி என் காது வரைக்கும் வந்தது, மிருதங்கம் எங்கோ தூரத்தில் போய்விட்டது. நாடி எங்கே இருக்கும்? கட்டை விரல் பக்கம் என்பார்கள், என் விரல்தான் துடிக்கிறது, அது என்னுடையதா அவருடையதா? இன்னும் அழுத்தினேன். வாய்க்குள், அம்மா, அம்மா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன், பூங்கா என்று சொன்னேனோ என்னமோ. பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. "என்ன பண்றீங்க நீங்க? ஹலோ, உங்களைத்தான்! அந்த லேடியோட கையை விடுங்க முதல்ல!" நான் விடவில்லை. முன்னால் இருந்தவர் கணக்கை விட்டுவிட்டு முழுசாகத் திரும்பினார். சபாக்காரர் வாசலிலிருந்து வர ஆரம்பித்தார். பிலோமினா அம்மாள் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றை. என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"என்ன சார்?" என்றார். எனக்கு வாயில் வந்தது, "தனிங்க. தனி வந்துடுச்சு" என்பதுதான். "தனி எனக்குப் புடிக்காது சார். தடதடன்னு. அதுக்குத்தானே தூங்குறேன்" என்றார். என் விரல்கள் இன்னும் அவர் மணிக்கட்டில்தான் இருந்தன, அவற்றை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, எடுத்தேன், எடுத்த பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டேன். சபாக்காரர் வந்து குனிந்து, "மேடம், எதாவது பிராப்ளமா?" என்றார். "இந்தாளு அவங்க தூங்கும்போது கையைப் புடிச்சாருங்க, நான் அப்போதிலிருந்து கவனிச்சிட்டேதான் இருக்கேன், அவங்களையே முறைச்சு முறைச்சுப் பார்த்துக்கிட்டு" என்றது பட்டுப்புடவை. சொன்னது எல்லாம் உண்மைதான், ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சொல்ல ஆரம்பித்தால் மிட்டாய்க் காகிதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கு இங்கே யாருக்கு நேரம்? பிலோமினா அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை மட்டும் பின்னால் திருப்பி, "நான்தாம்மா எழுப்பச் சொல்லியிருந்தேன். மாத்திரை போடணும்" என்றார். பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி துழாவி, ஒன்றும் எடுக்காமலே மூடினார். "மாத்திரைக்கு யாராச்சும் கையை இப்பிடியா…" என்று பட்டுப்புடவை தொடங்கியது. "எனக்குக் காது மந்தம்மா, கூப்பிட்டா கேக்காது" என்றார் இவர். காது மந்தம் என்றவர் அதற்கு முன் அத்தனைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சபாக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், போய்விட்டார்.

அப்போதுதான் தனி முடிந்தது. மூன்று தடவையும் சொல்லி, சமத்தில் வந்து விழுந்து, பாடகி பல்லவியை எடுத்தாள், கூடம் கை தட்டியது. காபிக்குப் போனவர்கள் கைதட்டல் கேட்டு அவசரமாக உள்ளே வந்தார்கள். அந்தச் சத்தத்தில் பிலோமினா அம்மாள் என் பக்கம் குனிந்தார். "செத்துட்டேன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "அதுவும் சரிதான். காலைல எழுந்திரிக்கிறப்ப எனக்கே சில நாளு சந்தேகமாத்தான் இருக்கு." என் கையைப் பார்த்துவிட்டு, "யாரு?" என்றார். என்ன கேட்கிறார் என்று புரிந்தது. "வீட்டம்மா." "எங்க?" "இந்த மாதிரிதான். பக்கத்துல." அவர் தலையாட்டினார். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "நல்ல புடி சார் உங்களுக்கு, விரல் பதிஞ்சு கெடக்குது" என்றார். ஜெசிந்தா இரண்டு காகிதக் கோப்பைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை மிதித்து வழி கேட்டு வந்து சேர்ந்தாள். "அட, முழிச்சிட்டியாக்கா? நானே எழுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனேன்." "போடி, உன் காபியும் நீயும். எவ்ளோ நேரம்?" "என்ன கூட்டங்கிறே? அங்க ஒரு கச்சேரி நடக்குது." பிலோமினா அம்மாள் தன் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, நாற்காலியில் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்கள் சொருகின. சட்டென்று அகலத் திறந்துகொண்டார். மறுபடி சொருகின, மறுபடி திறந்தார். எனக்காகத்தான் என்று தெரிந்தது, தூங்குங்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பாடகி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வயலின்காரரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். கச்சேரியில் இன்னும் இரண்டு பாட்டு இருக்கிறது.